கணக்குப் பிரிவுக்கு மென்பொருள் ரோபோ: எந்த வேலையை முதலில் கொடுப்பது?

கேள்வி: சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாகன உதிரிபாக மொத்த வியாபாரம் செய்கிறோம். மாதவரத்தில் குடோன், கணக்குப் பிரிவில் ஆறு பேர். மாதம் சுமார் 600 கொள்முதல் பில்களை டேலி கணக்கு மென்பொருளில் கையால் ஏற்றுகிறோம். ஒருவர் தினமும் காலையில் நான்கு கம்பெனிகளின் டீலர் போர்ட்டலுக்குள் போய், எந்த ஆர்டர் கிளம்பியது, எது நிலுவை என்று பார்த்து எக்செலில் போடுகிறார். இரண்டு மணி நேரம் அதற்கே போய்விடுகிறது. சப்ளையர்கள் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலை மாதா மாதம் சரிபார்ப்பது தனித் தலைவலி. இந்த மூன்றையும் ஆர்பிஏ எனப்படும் மென்பொருள் ரோபோ செய்துவிடும் என்று ஒரு நிறுவனம் 3.5 லட்சம் ரூபாயும், வருடப் பராமரிப்புக்கு 90,000 ரூபாயும் கேட்கிறது. வாங்கலாமா? எங்கள் பணியாளர்கள் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள்.

பதில்: மூன்றையும் சேர்த்து இந்த விலைக்கு வேண்டாம். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் ரோபோ வையுங்கள். அந்தக் காலை போர்ட்டல் வேலைக்கு.

காரணத்தைச் சொல்கிறேன். மென்பொருள் ரோபோ என்பது, ஒரு ஆள் கணினியில் செய்கிற கிளிக், காப்பி, பேஸ்ட், டைப் எல்லாவற்றையும் அதே திரையில் அதே வரிசையில் செய்கிற ஒரு நிரல். ஒன்றோடொன்று பேசத் தெரியாத இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே ஆள் நின்று எடுத்துக் கொடுக்கிற இடம் இருக்கிறதே, அங்கேதான் அதற்கு வேலை. யூஐபாத், ஆட்டோமேஷன் எனிவேர், புளூ பிரிசம் போன்ற பெரிய மென்பொருள்கள் வங்கி, காப்பீடு மாதிரி இடங்களில் வேரூன்றியதற்குக் காரணம், அங்கே ஒரே மாதிரியான வேலை ஆயிரக்கணக்கில் வந்து குவிகிறது. உங்களிடம் வருவது 600 பில். அதனால் கணக்கைக் கொஞ்சம் கறாராகவே போட வேண்டும்.

ஒருவர் சம்பளம் 22,000 ரூபாய், மாதம் 200 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 110 ரூபாய். போர்ட்டல் வேலை 25 நாளில் 50 மணி நேரம். ஒரு பில்லுக்கு ஐந்து நிமிடம் என்றால் 600 பில்லுக்கும் அதே 50 மணி நேரம். இரண்டும் முழுதாக மிச்சமானால் வருடத்துக்கு 1,32,000 ரூபாய். எந்த ரோபோவும் முழுதாக மிச்சம் பிடித்துக் கொடுக்காது. நூற்றுக்கு எழுபது என்று தாராளமாக வைத்தால் சுமார் 92,000. அவர்கள் கேட்கும் பராமரிப்புத் தொகைக்கும் இதற்கும் சரியாகப் போயிற்று. போட்ட 3.5 லட்சம் சம்பளக் கணக்கில் திரும்பி வராது. 22,000 என்பது என் ஊகம். உங்கள் எண்களை வைத்து ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடுத்து, ரோபோவைக் கூப்பிடும் முன் ஒவ்வொரு வேலையிலும் கேட்க வேண்டியது: இந்தத் தகவல் கோப்பாகக் கிடைக்குமா, அந்தக் கோப்பு அப்படியே உள்ளே போகுமா? போகும் என்றால் அங்கே ரோபோ எதற்கு? திரையைப் பார்த்து டைப் செய்யும் ரோபோ, திரை மாறினால் நின்றுவிடும். கோப்பு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

2பி சரிபார்ப்பில் இதற்கான பதில் தெளிவாகவே இருக்கிறது. 2பி மாதத்துக்கு ஒருமுறை, 14-ம் தேதி, உருவாகிறது. போர்ட்டலில் கேப்சா போட்டு உள்ளே போய், கோப்பை இறக்க ஒரு ஆளுக்குச் சில நிமிடம் போதும். இதற்கு ரோபோ வைத்து, அந்தக் கேப்சாவையும் அது தாண்ட வேண்டும் என்று மெனக்கெடுவது வீண், செய்யவும் கூடாது. இறக்கிய கோப்பைக் கொள்முதல் பதிவோடு ஒப்பிடும் வசதி டேலி பிரைமின் புதிய பதிப்புகளிலேயே இருக்கிறது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் தலைவலி ஒப்பிடுவதில் இல்லை, பில் எண்ணில் இருக்கிறது என்பது என் அனுமானம். சப்ளையர் போர்ட்டலில் ‘ஐஎன்வி/25-26/0087’ என்று ஏற்றியிருப்பார். உங்கள் ஆள் டேலியில் வெறும் 87 என்று போட்டிருப்பார். இரண்டும் ஒன்றே என்று கணினிக்குத் தெரியாது. பில்லில் உள்ளது உள்ளபடி, கோடும் சாய்கோடும் சேர்த்து ஏற்ற வேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். 2022 ஜனவரி முதல் 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி (கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது என்பதால், பொருந்தாமல் நிற்கிற ஒவ்வொரு வரியும் உங்கள் பணம். அது எழுத்துப் பிழையா, சப்ளையர் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யாததா என்று பிரித்து, இரண்டாவது ரகத்துக்கு மட்டும் போன் போட வைக்க வேண்டும். அந்தப் போன் பேச்சை எந்த ரோபோவும் செய்யாது.

பில் ஏற்றுவதில் விஷயம் கொஞ்சம் ஆழமானது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ், அதாவது அரசுப் போர்ட்டலில் பதிந்து தரும் மின்னணு பில், கட்டாயம். உங்கள் பெரிய சப்ளையர்களில் அநேகமாக எல்லாருமே இதில் வருவார்கள். அந்த பில்லில் இருக்கும் கியூஆர் குறியீட்டுக்குள் சப்ளையரின் ஜிஎஸ்டி எண், உங்கள் எண், பில் எண், தேதி, மொத்தத் தொகை எல்லாம் இருக்கின்றன. பிடிஎஃப்-ஐப் படித்து எழுத்தை ஊகிக்கும் தொழில்நுட்பத்துக்கு இவ்வளவு செலவழிப்பது ஏன் என்று யாராவது கேட்டார்களா? கியூஆரைப் படித்தால் தலைப்பு விவரம் பிழையில்லாமல் கிடைத்துவிடும். வரி வரியாகப் பொருள் விவரமும் வேண்டும் என்றால், உங்களுக்கு வந்த இ-இன்வாய்ஸ்களின் கோப்பை ஜிஎஸ்டியின் இ-இன்வாய்ஸ் போர்ட்டலிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். அதை எக்செலாக மாற்றினால், அங்கிருந்து நேரடியாக உள்ளே எடுத்துக்கொள்ள டேலி பிரைமின் இப்போதைய பதிப்புகளில் வழி இருக்கிறது.

இதில் நிஜமான உழைப்பு ஒன்று உண்டு. சப்ளையர் ஒரு பார்ட் நம்பரைப் போட்டு ‘பிரேக் ஷூ ரியர்’ என்பார். உங்கள் டேலியில் அது வேறு பெயரில் இருக்கும். எந்தப் பார்ட் நம்பர் உங்களுடைய எந்தப் பொருள் என்கிற பொருத்தப் பட்டியலை யாராவது உட்கார்ந்து தயாரித்தே ஆக வேண்டும். விற்க வந்தவர்கள் இதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார்கள். பட்டியல் கையில் இருந்தால் எந்த மென்பொருளும் ஓடும். அது இல்லாமல் ரோபோ வாங்கினால், தப்பான பொருளில் சரக்கு ஏறுவது மட்டும் வேகமாக நடக்கும்.

சின்ன சப்ளையர்களின் கையெழுத்து பில், வாட்ஸ்அப்பில் வரும் மங்கலான போட்டோ, இவற்றை ஆளே ஏற்றட்டும். 1-ஐ 7 என்று படித்துவிட்டால் ரோபோவுக்குச் சந்தேகமே வராது.

இப்போது காலை வேலைக்கு வருகிறேன். நான்கு போர்ட்டல்களும் தினமும் ஒரே மாதிரி. கேட்கும் தகவலும் ஒன்றுதான். பணம் கைமாறுவதில்லை. ஒருநாள் ரோபோ தவறினாலும் பழையபடி ஆளே பார்த்துக்கொள்ளலாம். முதல் ரோபோவுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உங்கள் அலுவலகத்தில் இல்லை. சம்பள மிச்சத்தைவிட இதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. எந்தச் சரக்கு வழியில் இருக்கிறது என்று கவுன்டரில் நிற்பவருக்கு மதியத்துக்குப் பதில் காலையிலேயே தெரியும். மெக்கானிக் வந்து கேட்டால் ‘நாளைக்கு வந்துடும்’ என்று உறுதியாகச் சொல்லலாம்.

இதற்கு உரிமக் கட்டணம்கூட ஆரம்பத்தில் தேவையில்லை. மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப், 2021 மார்ச் முதல் விண்டோஸ் 10 பயனர்களுக்கு இலவசம். விண்டோஸ் 11-லும் கிடைக்கிறது. இலவசத்தில் யாராவது ஒருவர் பட்டனைத் தட்டி ஓட்டிவிட வேண்டும். ஆள் இல்லாமல் நேரம் பார்த்துத் தானாக ஓடக் கட்டண உரிமம் வேண்டும். காலையில் வந்ததும் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற அளவுக்கு இலவசமே தாராளம். விவரம் தெரிந்த ஒரு ஃப்ரீலான்சரை வைத்து அமைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் அந்த நான்கு கம்பெனிகளின் ஏரியா மேனேஜர்களிடமும் பேசுங்கள். எக்செலாக இறக்கும் வசதி ஏற்கெனவே இருக்கலாம், யாரும் கேட்காததால் சொல்லாமல் விட்டிருக்கலாம். தானியங்கி நுழைவை அவர்கள் விதி அனுமதிக்கிறதா என்பதையும் கேளுங்கள். முடிந்தால் ரோபோவுக்கென்றே தனி யூசர் ஐடி வாங்குங்கள். யார் என்ன செய்தார் என்று பிறகு தெரிய வேண்டும். பாஸ்வேர்டை டெஸ்க்டாப்பில் ஒரு எக்செல் கோப்பில் எழுதி வைக்க விடாதீர்கள்.

ரோபோ எழுதுபவரிடம் கறாராகக் கேட்க வேண்டியவை சில உண்டு. புரியாதது வந்தால் அது ஊகிக்கக் கூடாது. அதை விட்டுவிட்டு, ‘இதைப் பார்க்கவும்’ என்று தனிப் பட்டியலில் போட வேண்டும். பாதியில் கரன்ட் போய், மறுபடி ஓட்டினால் செய்ததையே திரும்பச் செய்யக் கூடாது. போர்ட்டலில் இது பெரிய விஷயமில்லை. நாளைக்கு பில் ஏற்றத் தொடங்கினால் ஒரே பில் இரண்டு தடவை ஏறிவிடும், உள்ளீட்டு வரியும் இரண்டு தடவை. ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். வரி விகிதம் மாதிரி மாறக்கூடியதை நிரலுக்குள் எழுதிவிடக் கூடாது. உங்கள் தொழிலிலேயே பார்த்தீர்களே, 2025 செப்டம்பர் 22 அன்று 28 சதவீதத்தில் இருந்த உதிரிபாகங்கள் 18-க்கு வந்தன. 28 என்று உள்ளே எழுதி வைத்த எந்த ரோபோவும் அன்று தப்பாகத்தான் போட்டிருக்கும். எந்தத் தேதியிலிருந்து எந்த விகிதம் என்பது வெளியே ஒரு பட்டியலில், உங்கள் ஆளே திருத்தும்படி இருக்கட்டும். வங்கிப் பணப் பரிமாற்றத்தின் பக்கம் ரோபோவை விடவே வேண்டாம். ஒருவர் பதிந்து இன்னொருவர் ஒப்புதல் தரும் முறையில், ஒப்புதல் என்றும் மனிதக் கையில்தான் இருக்க வேண்டும். ஓடிபி-யைத் தானாகப் படித்துப் போடும் ஏற்பாட்டுக்கும் சம்மதிக்காதீர்கள்.

பணியாளர்கள் பயப்படுவது நியாயமானது. ரகசியமாகச் செய்தால் அது வளரும். தினமும் அந்த நான்கு போர்ட்டலைப் பார்க்கிறவரையே ரோபோவுக்குப் பொறுப்பாக்குங்கள். இரண்டு வாரம், வழக்கத்துக்கு மாறாக வரும் ஒவ்வொன்றையும் அவர் ஒரு நோட்டில் எழுதட்டும்: ஆர்டர் பாதி மட்டும் அனுப்பியது, பார்ட் நம்பர் மாறி வந்தது, போர்ட்டல் திறக்காதது. அந்த நோட்டுதான் ரோபோவுக்கான விதி. அது அவர் தலைக்குள் இருக்கிறது, வெளியிலிருந்து வருகிற எந்த நிபுணருக்கும் தெரியாது. பிறகு ஒரு மாதம் ஆளும் ரோபோவும் சேர்ந்து ஓடட்டும், இரண்டையும் ஒப்பிடுங்கள். மிச்சமாகும் நேரத்துக்கு உங்களிடம் வேலை இல்லாமல் இல்லை: 2பி-யில் வராத பில்களைத் துரத்துவது, வர வேண்டிய கிரெடிட் நோட், பாக்கி வசூல். யாரையும் வேலையைவிட்டு எடுக்கப் போவதில்லை என்றால் அதை ஆரம்பத்திலேயே ஆறு பேரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அது உறுதி இல்லை என்றால் சொல்லாதீர்கள்.

சரி, அந்த நிறுவனத்துக்கு என்ன பதில் சொல்வது? உங்களிடம் இருப்பதிலேயே மோசமான இருபது பில்களை எடுத்துக் கொடுத்து, அவற்றை வைத்து டெமோ காட்டச் சொல்லுங்கள். அவர்கள் கொண்டுவந்த பில்லில் பார்க்காதீர்கள். போர்ட்டல் திரை மாறினால் எத்தனை நாளில் சரிசெய்து தருவார்கள், அது 90,000-க்குள் வருமா, உரிமமும் நிரலும் உங்கள் பெயரில் இருக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பொருத்தப் பட்டியலை யார் தயாரிப்பது என்றும் கேளுங்கள். அதற்கு நேரான பதில் வந்தால், பில் வேலைக்கு மட்டும் தனி விலை கேட்டு, அடுத்த நிதியாண்டில் மறுபடி உட்கார்ந்து பேசலாம்.