ஐடிலில் கடகடக்கும் கியர்பாக்ஸ்: பிரிப்பதற்கு முன்

புரொப்பெல்லர் மாற்றிய பிறகு சிறு விமான என்ஜினான ரோட்டாக்ஸ் 912-இல், வேகத்தைக் குறைத்துப் புரொப்பெல்லருக்குக் கொடுக்கும் ரிடக்‌ஷன் கியர்பாக்ஸ் 1500 ஆர்பிஎம்மில் கடகடக்கிறது, 1900 தாண்டினால் அடங்கிவிடுகிறது என்கிறீர்கள். அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள்.

நாலு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். 1500-இல் நொடிக்கு 50 வெடிப்பு. இரண்டு வெடிப்புக்கு நடுவே கிராங்க் (என்ஜினின் சுழல்தண்டு) சற்று வேகம் குறையும், கனமான புரொப்பெல்லரோ அதே வேகத்தில் ஓடும். கியர் பற்கள் விலகி மறுபடி மோதும். அந்தச் சத்தம்தான் இது.

இரண்டு கார்ப்பரேட்டரும் ஒத்துப்போகாவிட்டால் இன்னும் மோசம். வேக்குவம் கேஜ் வைத்து முதலில் அதைச் சமப்படுத்துங்கள். பாதிப் பேர் இதை விட்டுவிட்டு கியரைக் குறை சொல்கிறார்கள். தரையில் நிற்கும்போது 1800-க்குக் கீழே விடவேண்டாம். அப்புறம் மேக்னெட்டிக் பிளக்கை (ஆயிலில் வரும் இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தத் திருகு) கழற்றிப் பாருங்கள்: மை போன்ற படிவு சரி, உலோகச் சில்லு இருந்தால் பறக்காதீர்கள். புதிய புரொப்பெல்லரின் நிலைமத் திருப்புத்திறன் (சுழலும் வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) என்ஜின் கையேட்டு வரம்புக்குள் இருக்கிறதா?