ரிசர்வ் படை வீரர் பணிக்கு அழைக்கப்பட்டால் குடும்பக் கடன்கள் என்னவாகும்?

கேள்வி: அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். குடியுரிமை பெற்றுள்ள என் கணவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, தேவைப்படும்போது முழுநேரப் பணிக்கு அழைக்கப்படும் ராணுவ ரிசர்வ் படையிலும் இருக்கிறார். ஓராண்டு முழுநேரப் பணிக்கு அழைப்பாணை வந்து, சென்ற மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். நிறுவனச் சம்பளம் நின்றுவிட்டது. ராணுவச் சம்பளம் அதைவிடக் குறைவு. இருவர் பெயரிலும் 7 சதவீத வட்டியில் 3,20,000 டாலர் வீட்டுக் கடன், அவர் பெயரில் 9.5 சதவீதத்தில் 18,000 டாலர் கார் கடன், 24 சதவீத வட்டியுள்ள கிரெடிட் கார்டில் 9,000 டாலர் பாக்கி. என் பெயரில் தனியாக ஒரு கார்டும் உண்டு. வங்கியைத் தொலைபேசியில் கேட்டபோது, "தவணை தவறவில்லையே, சலுகைக்கு வழியில்லை, வேண்டுமானால் வீட்டுக் கடனை 6.5 சதவீதத்துக்கு மறுகடனாக மாற்றித் தருகிறோம்" என்றார்கள். மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: சகோதரி, அந்த மறுகடன் பத்திரத்தில் நீங்களோ உங்கள் கணவரோ கையெழுத்திட வேண்டாம். அதைவிடக் குறைந்த வட்டி ஏற்கெனவே உங்கள் உரிமையாக இருக்கிறது; கையெழுத்திட்டால் அந்த உரிமை போய்விடும்.

காரணம் இதுதான். 1940ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றியமைத்து 2003 டிசம்பரில் இயற்றப்பட்ட படைவீரர் குடிமை நிவாரணச் சட்டம், சுருக்கமாக எஸ்.சி.ஆர்.ஏ., படைப்பணியில் சேரும் முன் வாங்கிய கடன்களுக்குப் பணிக்காலத்தில் 6 சதவீதத்துக்கு மேல் வட்டி வசூலிக்கக் கூடாது என்கிறது. வீட்டுக் கடனுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு பணி முடிந்து மேலும் ஓராண்டு நீடிக்கும். 6 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டி தள்ளிவைக்கப்படுவதில்லை, அடியோடு தள்ளுபடியாகிறது. அந்த அளவுக்கு மாதத் தவணையையும் குறைத்தாக வேண்டும். பணிக்காலத்தில் புதிதாக வாங்கும் கடனுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. மறுகடன் என்பது சட்டத்தின் பார்வையில் புதுக் கடன். ஆகவே அதில் கையெழுத்திட்டால் வட்டி வரம்பு மட்டுமன்றி, நீதிமன்ற உத்தரவின்றி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடியாது என்ற பாதுகாப்பையும் இழப்பீர்கள்.

தவணை தவறியவர்களுக்குத்தான் சலுகை என்று வங்கி சொன்னது சரியல்ல. சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. படைப்பணியால் கடன் கட்டும் சக்தி பாதிக்கப்படவில்லை என்று கடன் கொடுத்தவர் கருதினால், அவர்தான் நீதிமன்றம் சென்று அதை நிறுவ வேண்டும். சம்பளம் குறைந்ததை நீங்கள் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. உங்கள் கணக்கில் இதன் மதிப்பு சிறியதல்ல: வீட்டுக் கடனில் ஆண்டுக்குச் சுமார் 3,200 டாலர், கார் கடனில் சுமார் 600, பாக்கி அப்படியே நின்றால் கார்டில் சுமார் 1,600. இருவர் பெயரிலும் உள்ள வீட்டுக் கடன், கணவன் மனைவி கூட்டாக வாங்கிய கடனாகையால், முழுமையாக அடங்கும். உங்கள் பெயரில் மட்டும் உள்ள கார்டு அடங்காது. கணவரின் கார்டில் இனிமேல் வாங்கும் பொருள்களுக்கும் வரம்பு பொருந்தாது என்பதால், அந்தக் கார்டை இப்போதைக்கு உள்ளே வைத்துவிடுங்கள்.

ஆனால் கேட்காமல் இது கிடைப்பது அரிது. பணிக்கு அழைக்கப்பட்ட ரிசர்வ் வீரர்கள், நேஷனல் கார்டு எனும் மாநிலப் படை வீரர்கள் ஆகியோரின் தகுதியுள்ள கார் கடன்களில் பத்தில் ஒன்றுக்குக்கூட வட்டி குறைக்கப்படவில்லை என்று அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை காட்டியது. சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நாட்டுக்காகப் போனவரின் வீட்டிலிருந்து அந்தப் பணம் வசூலாகிக்கொண்டிருப்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது. தொலைபேசியில் பேசியது கணக்கில் வராது. எழுத்தில் கேட்க வேண்டும். ஒவ்வொரு கடனுக்கும் தனிக் கடிதம் எழுதி, கடன் எண், பணி தொடங்கிய தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "எஸ்.சி.ஆர்.ஏ. சட்டத்தின்படி, பணிக்கு அழைக்கப்பட்ட நாள் முதல் வட்டியை 6 சதவீதமாகக் குறைத்து, கூடுதல் வட்டியைத் தள்ளுபடி செய்து, தவணையையும் திருத்தி அமைக்கக் கோருகிறேன்" என்று எழுதி, அழைப்பாணையின் நகலை இணைத்து, சர்டிஃபைட் மெயிலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். பணி முடிந்து 180 நாள்கள் வரை அவகாசம் உண்டு. எப்போது அனுப்பினாலும் சலுகை முன்தேதியிட்டே கணக்கிடப்படும்.

கடிதம் உங்கள் கணவர் பெயரில் போவதே முறை. அவரால் இயலாவிட்டால், அவருடைய முகாமிலுள்ள சட்ட உதவி அலுவலகத்தில் அவர் சார்பில் நீங்கள் செயல்பட உங்கள் பெயருக்கு ஒரு சிறப்பு அதிகாரப் பத்திரத்தைக் கட்டணமின்றி எழுதி வாங்கலாம். ராணுவச் சட்ட உதவியாக எழுதப்படும் அப்பத்திரம் எல்லா மாநிலங்களிலும் செல்லும். சலுகை கேட்டதையே காரணமாக்கி அவருடைய கடன் மதிப்பீட்டில் பாதகமாகப் பதியவோ, புதுக் கடனை மறுக்கவோ கூடாது என்றும் அதே சட்டம் தடுக்கிறது. பணிக்கு முன்பே ஒரு தவணையாவது கட்டியிருக்கும் காரை நீதிமன்ற உத்தரவின்றிப் பறிமுதல் செய்யவும் முடியாது.

வேலையைப் பொறுத்தவரை, 1994ஆம் ஆண்டின் யுசெர்ரா சட்டம் பணியிடத்தைக் காக்கிறதே தவிர சம்பளத்தைக் கொடுக்கச் சொல்லவில்லை. ஆயினும் சம்பள வித்தியாசத்தைத் தாமாகவே ஈடுசெய்யும் நிறுவனங்கள் பல உள்ளன. மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பணி 180 நாள்களுக்கு மேற்பட்டதால், பணி முடிந்து 90 நாள்களுக்குள் அவர் மீண்டும் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அழைப்பு 30 நாள்களுக்கு மேற்பட்டதால் உங்கள் குடும்பத்துக்கு ராணுவத்தின் டிரைகேர் மருத்துவக் காப்பீடு கிடைக்கும்; நிறுவனக் காப்பீட்டை 102 சதவீதம் வரை பிரீமியம் கட்டி 24 மாதங்கள் தொடரலாம் என்றாலும், பிள்ளைகளின் மருத்துவர் டிரைகேரை ஏற்கிறாரா என்று பார்த்தபின் முடிவு செய்வது நல்லது. திடீர் நெருக்கடி வந்தால், 1942 முதல் இயங்கும் ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப் அமைப்பு வட்டியில்லாக் கடனும் சில வேளைகளில் மானியமும் தருகிறது. ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து 10 சதவீத அபராதமின்றிப் பணம் எடுக்கவும் நீண்ட அழைப்பில் உள்ள ரிசர்வ் வீரருக்கு வழியுண்டு. வருமான வரி அப்போதும் உண்டு என்பதால், அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தில் கேட்டும் வங்கி மறுத்தால், மறுப்பையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு முதலில் முகாமின் சட்ட உதவி அலுவலகத்தை அணுகுங்கள். அமெரிக்க நீதித் துறை இத்தகைய மீறல்களின் மீது வழக்குத் தொடுக்கிறது. நீங்களே தனிப்பட வழக்குத் தொடுத்து இழப்பீடும் வழக்குச் செலவும் கோரலாம். அதற்கெல்லாம் தேவைப்படப்போகும் ஆவணங்கள் அழைப்பாணையின் நகலும் அந்த ஒப்புகை அட்டைகளும்தான். வீட்டுக் கடனுக்கான கடிதத்தை முதலில் அனுப்பிவிடுங்கள்.