செட் மாட்டிய பிறகு பேட்டரி நிற்கவில்லையா? ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியனின் கேள்வி பதில்

கோவையில் இருபத்திரண்டு வருடமாக கார் வயரிங் வேலை பார்க்கிறேன். மியூசிக் சிஸ்டம் மாட்டிய பிறகு காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்று வாரத்துக்கு இரண்டு மூன்று கார்களாவது வரும். வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்குள் புது பேட்டரி வாங்கிப் போட்டிருப்பார்கள். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்றுதான் இதற்கு உட்கார்ந்தேன்.

திருச்சி: அண்ணா, பெட்ரோல் ஹேட்ச்பேக். மூன்று மாதம் முன்பு செட், நாலு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), டிக்கியில் சப்வூஃபர் போட்டேன். தினமும் ஓட்டினால் பிரச்சினை இல்லை. இரண்டு நாள் நிறுத்தினால் செல்ஃப் 'டிக் டிக்' என்று நின்றுவிடுகிறது. பேட்டரி புதிது, 35 ஆம்பியர். என்ன செய்ய?

தம்பி, முதலில் கசிவை அளக்க வேண்டும். சாவி எடுத்துப் பூட்டிய காரும் கொஞ்சம் கரண்ட் இழுக்கும். கடிகாரம், அலாரம், சென்ட்ரல் லாக் எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 முதல் 50 மில்லிஆம்ப் வரை சாதாரணம். அதற்கு மேல் போனால் எங்கோ ஒன்று தூங்காமல் இருக்கிறது.

500 ரூபாய் மல்டிமீட்டரே போதும். சிவப்பு முனையை மீட்டரில் 10 ஆம்ப் என்று எழுதிய துளையில் செருகுங்கள். வண்டியில் எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்து, கதவைத் திறந்தபடியே அதன் லாக்கை மட்டும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி 'மூடிய' நிலைக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் பிறகு காருக்குள்ளே இருக்கும் பியூஸ் பாக்ஸை, கார் விழிக்காமல் தொட முடியும். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே வைத்துவிடாதீர்கள், பெரிய தீப்பொறி வரும். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைப் போடவும் கூடாது, ஸ்டார்ட்டரின் கரண்டை மீட்டர் தாங்காது.

முதலில் இரண்டு மூன்று ஆம்ப் காட்டும். பயப்படாதீர்கள். டெர்மினலைக் கழற்றியதால் காரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்திருக்கும். அரை மணி நேரம் காத்திருங்கள். இந்தக் காத்திருப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஐந்தாவது நிமிடமே 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று இல்லாத கோளாறைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அரை மணி கழித்தும் 0.05 ஆம்புக்கு (50 மில்லிஆம்ப்) மேல் நின்றால், பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது எண் விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. பேட்டரியிலிருந்து ஆம்புக்கு நேராகப் போகும் தடிமனான வயரின் பியூஸ் பானட்டுக்குள் தனியாக இருக்கும், அதை மறக்க வேண்டாம். எண்ணை எழுதி அனுப்புங்கள், மேலே பார்ப்போம்.

மதுரை: சார், எனக்கு செட் ஸ்டேஷன்களை மறந்துகொண்டே இருந்தது. கடைக்காரர் சரி செய்தார். அன்றிலிருந்து பேட்டரி இறங்குகிறது. தொடர்பு இருக்குமா?

நிச்சயம் இருக்கும். இந்த வரிசையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செட்டுக்கு இரண்டு பிளஸ் வயர்கள் வரும். மஞ்சள் எப்போதும் கரண்ட் உள்ள மெயின் லைன். செட்டின் பவரும் அதன் நினைவும் அதில்தான் நிற்கும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருவது. 'இப்போது விழி, இப்போது தூங்கு' என்று செட்டுக்குச் சொல்வது அந்தச் சிவப்புதான். வோக்ஸ்வாகன் போன்ற சில கார்களின் சாக்கெட்டில் இந்த இரண்டும் இடம் மாறி இருக்கும். நேராகச் செருகினால் சாவி எடுத்தவுடன் மஞ்சளில் கரண்ட் போய்விடும், செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்தால் போதும். பல செட்களில் அதற்கென்றே நடுவில் கழற்றி மாட்டும் இணைப்பு வைத்திருப்பார்கள்.

அவசரத்தில் என்ன செய்கிறார்கள் என்றால், சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி, மெயின் லைனில் கொடுத்து டேப் சுற்றிவிடுகிறார்கள். மறதி போய்விடும். ஆனால் சாவி எடுத்த செய்தி செட்டுக்குப் போகவே போகாது, ராத்திரி முழுக்க விழித்திருக்கும். செட்டின் பின்னால் அந்த இரண்டு வயரும் ஒன்றாக முறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிரித்து, சிவப்பைச் சாவிக்கு உட்பட்ட லைனில் கொடுங்கள்.

சென்னை: அண்ணா, ஆண்ட்ராய்டு செட். சாவி எடுத்தால் திரை அணைகிறது. ஆனாலும் பேட்டரி நிற்கவில்லை.

திரை அணைந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த வகை செட்கள் அடுத்த முறை சீக்கிரம் எழ வேண்டும் என்று உள்ளே பாதி விழிப்பில் இருக்கும். செட்டிங்ஸில் 'ஸ்லீப்' நேரம், அல்லது 'ஏசிசி ஆஃப்' (சாவி எடுத்த நிலை) ஆனதும் என்ன செய்வது என்று ஒன்று இருக்கும். அதைக் குறைந்த நேரத்துக்கு வைத்தால் முழுவதும் அணையும். எழுந்திருக்கக் கூடுதலாக அரை நிமிடம் பிடிக்கும், பரவாயில்லை. காரின் கேன் லைனோடு (காரின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசும் வயர்) பேச ஒரு சின்ன டப்பா கொடுத்திருப்பார்கள். சில நேரம் அதுவும் தூங்காது. மாற்றிய பிறகு அளந்து பாருங்கள்.

சென்னை: என் வீட்டுக்காரர் வெளிநாட்டில். கார் அபார்ட்மெண்டிலேயே நிற்கிறது. வெளியில் வாங்கி எதுவும் மாட்டவில்லை. மாதம் ஒருமுறை எடுத்தால் ஸ்டார்ட் ஆவதில்லை. செட் காரணமா?

இல்லைங்க. 40 மில்லிஆம்ப் கசிவு நியாயமானதுதான். ஆனால் அதுவே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் மாதத்துக்கு 29 போய்விட்டால் எதை வைத்து செல்ஃப் அடிக்கும்? வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பதால் பயன் குறைவு. ஸ்டார்ட் செய்ய எடுத்ததே முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

நாமக்கல்: எங்கள் ஊர் மெக்கானிக் எஞ்சின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றிப் பார்த்தார். அணையவில்லை, அதனால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) நன்றாக இருக்கிறது, செட்தான் கோளாறு என்றார். சரியா?

தயவுசெய்து இனி யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். ஓடும் எஞ்சினில் டெர்மினலைக் கழற்றவே கூடாது. ஆல்டர்னேட்டர் அனுப்பும் கரண்டை உள்வாங்கித் தணிப்பது பேட்டரி. அதைத் திடீரென்று பிரித்தால் வோல்ட்டேஜ் ஒரு நொடிக்குள் குதிக்கும். அந்தக் குதிப்பு செட்டையும் எஞ்சின் கம்ப்யூட்டரையும் சேர்த்து அடித்துவிடலாம். ஆல்டர்னேட்டரைப் பார்க்க மீட்டரை பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்தால் போதும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும்.

சேலம்: தம்பி, நான் முப்பது வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். அம்பாசடரிலிருந்து இப்படித்தான் பார்க்கிறேன். ஒரு வண்டியும் கெட்டதில்லை.

அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். நான் தொழில் கற்றுக்கொண்டதும் உங்களைப் போன்ற ஒருவரிடம்தான், அவரும் இப்படியே பார்ப்பார். அந்த அம்பாசடரில் கார்புரேட்டரும் பாயின்ட் இக்னிஷனும்தான் இருந்தன. கெட்டுப்போக அதில் கம்ப்யூட்டரே இல்லை. இன்றைய காரில் ஏர்பேக், ஏபிஎஸ், ஸ்டீயரிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது.

ஈரோடு: சேலத்து அண்ணன் சொல்வதுதான் சரி. ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கிறதே, வோல்ட்டேஜ் எப்படி ஏறும்?

நல்ல கேள்வி. ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு காயிலைக் கட்டுப்படுத்துகிறது. அந்தக் காயிலில் ஏறிய காந்தம் உடனே இறங்காது, கொஞ்ச நேரம் பிடிக்கும். இறங்குவதற்குள், பேட்டரிக்கு 40 ஆம்ப் அனுப்பிக்கொண்டிருந்த ஆல்டர்னேட்டருக்கு அந்த 40-ஐயும் வாங்க ஆள் இல்லாமல் போகிறது. தடுப்பு இல்லாத 12 வோல்ட் அமைப்பில் இது 80 வோல்ட்டுக்கு மேலும் போகக்கூடும். இதைத் தாங்கவென்றே பல ஆல்டர்னேட்டர்களில் தனி டயோடு வைக்கிறார்கள். சேலத்து அண்ணனின் வண்டிகள் தப்பித்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், அந்த நேரத்தில் பேட்டரி நிறைந்திருந்து கரண்ட் குறைவாகப் போனதும் காரணமாக இருக்கலாம். இறங்கிய பேட்டரியில் செய்தால்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அப்போதுதான் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் அனுப்பும். பேட்டரி இறங்குகிறது என்று வரும் காரில்தானே இந்தச் சோதனையைச் செய்கிறோம்!

போன வருடம் என்னிடம் ஒரு டீசல் கார் டோ செய்து வந்தது. ரோட்டோரத்தில் யாரோ இப்படிக் கழற்றிப் பார்த்த அந்த நிமிடமே எஞ்சின் நின்று, பிறகு ஸ்டார்ட் ஆகவே இல்லை. எஞ்சின் கம்ப்யூட்டர் போயிருந்தது. உரிமையாளர் ஒரு டாக்சி டிரைவர், அது அவருக்கு இரண்டு மாத வருமானம். அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சேலம்: இறங்கிய பேட்டரி பற்றி நீ சொன்னது யோசிக்க வைத்தது. இனி மீட்டரே வைத்துக்கொள்கிறேன்.

நன்றி அண்ணே. உங்களிடம் வேலை கற்கும் பையன்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

திருப்பூர்: 1 ஃபாரட் கெபாசிட்டர் போட்டால் பேட்டரி இறங்குவது நிற்குமா?

நிற்காது. 12 வோல்ட்டில் அதில் நிற்கும் சக்தி 72 ஜூல். 60 வாட் ஹெட்லைட் பல்பை ஒரு நொடிக்குச் சற்று மேல் எரிக்க அது போதும், அவ்வளவுதான். அதன் மேல் எண் காட்டும் மீட்டர் இருந்தால், அதுவே இரவெல்லாம் கரண்ட் குடிக்கும்.

கரூர்: 35-க்கு பதிலாக 65 ஆம்பியர் பேட்டரி?

கசிவு அப்படியே இருக்கும், இரண்டு நாளில் இறங்குவது நாலு நாளில் இறங்கும். முதலில் கசிவை அளங்கள்.

தஞ்சாவூர்: கோயில் திருவிழாவுக்கு எஞ்சினை அணைத்து ஜீப்பில் பாட்டுப் போடுகிறோம். எவ்வளவு நேரம் போடலாம்?

ஆம்ப்ளிஃபையர் சராசரியாக 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. மூன்று மணி நேரம் ஆகிறது. நான் இரண்டில் நிறுத்திவிடுவேன். கார் பேட்டரி ஒரு நொடியில் நிறைய கொடுத்து உடனே நிரம்புவதற்குச் செய்தது. ஒவ்வொரு முறை அடிவரை இறங்கும்போதும் தகட்டில் சல்ஃபேட் படிந்து ஆயுள் குறையும். திருவிழா முழுக்க வேண்டும் என்றால் வாடகைக்கு ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி வையுங்கள், அது மெதுவாகக் கொடுப்பதற்கென்றே செய்தது.

வேலூர்: புது பேட்டரி போட்டும் இறங்குகிறது. என்ன செய்ய?

அளந்தீர்களா? திருச்சித் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கடலூர்: சார், செட் போட்ட பிறகு பேட்டரி இரண்டு நாள்தான் நிற்கிறது...

திருச்சித் தம்பிக்குச் சொன்னதேதான். எண் இல்லாமல் என்னால் எதுவும் சொல்ல முடியாது.

நாகர்கோவில்: மின்சாரக் கார். 12 வோல்ட் சின்ன பேட்டரி இறங்குகிறது.

இது எனக்குப் பழக்கமில்லாத வேலை, கம்பெனி சர்வீஸுக்கே போங்கள். ஆரஞ்சு நிற கேபிள் எதையும் நீங்கள் தொட வேண்டாம், அது உயர் வோல்ட்டேஜ்.

திண்டுக்கல்: நண்பர் பேட்டரியிலிருந்து ஆம்புக்கு நேராக வயர் இழுத்துக் கொடுத்தார். பியூஸ் டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. போதுமா?

போதாது. இன்றே மாற்றுங்கள். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். அந்த வயர் எஞ்சின் அறையிலிருந்து டிக்கி வரை தகரத்தை உரசிக்கொண்டு போகிறது. நடுவில் எங்கே தேய்ந்து பாடியைத் தொட்டாலும் டிக்கியில் இருக்கும் பியூஸால் எதுவும் செய்ய முடியாது, வயர் சிவந்து எரியும். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விழுப்புரம்: பேட்டரி இறங்குகிறது, செட் எல்லாவற்றையும் கழற்றியும் இறங்குகிறது. 0.4 ஆம்ப் காட்டுகிறது. எந்தப் பியூஸை எடுத்தாலும் குறையவில்லை.

அளந்துவிட்டு வந்ததற்கு நன்றி! பியூஸ் வழியாகப் போகவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படுங்கள். உள்ளே ஒரு டயோடு கெட்டால் கரண்ட் பின்னோக்கிக் கசியும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் தடிமனான வயரை எடுத்து, நுனியில் டேப் சுற்றி, மீண்டும் அளங்கள். விழுந்தால் அதுதான். கூடவே ஓபிடி சாக்கெட்டில் (காரின் கோளாறைப் படிக்க ஸ்கேனர் செருகும் இடம்) ஏதாவது ஜிபிஎஸ் டப்பா செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள், பலருக்கு அது இருப்பதே நினைவிருக்காது.

திருச்சி: அண்ணா, அளந்துவிட்டேன். அரை மணி கழித்து 0.61 ஆம்ப். உள்ளே இருக்கும் ரேடியோ பியூஸை எடுத்தேன், 0.59 ஆனது. பானட்டில் ஆம்ப் பியூஸை எடுத்ததும் 0.03.

சபாஷ் தம்பி. செட் நல்லது, ஆம்ப்தான் தூங்கவில்லை. 0.61 என்றால் நாளைக்கு 14 ஆம்பியர்-மணிக்கு மேல். உங்கள் 35 இரண்டு நாளில் படுத்ததன் கணக்கு இதுதான்.

இப்போது ஆம்பில் 'ரிமோட்' என்று எழுதிய முனைக்கு வரும் மெல்லிய வயரைப் பாருங்கள். அது செட்டின் பின்னால் இருக்கும் நீலமும் வெள்ளையும் கலந்த வயரிலிருந்து வர வேண்டும். சாவி எடுத்த நிலையில் அந்த முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்ட்டேஜ் பாருங்கள். 0 வர வேண்டும். 12 வந்தால், மாட்டியவர் நீல வயர் வரை கையைக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு ஆம்பின் பிளஸ் முனையிலிருந்தே ஒரு துண்டு வயரைப் பாலமாகக் கொடுத்திருப்பார். அந்தத் துண்டை எடுத்துவிட்டு, செட்டிலிருந்து புதிதாக ஒரு வயர் இழுங்கள். தரை விரிப்புக்கு அடியில் ஓட்டினால் ஒரு மணி நேர வேலை. 0 வந்தும் ஆம்ப் விழித்திருந்தால், அதில் 'ஆட்டோ ஆன்' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பார்த்து அணையுங்கள், சில ஆம்ப்கள் ஸ்பீக்கர் லைனைப் பார்த்துத் தானாக விழித்துக்கொள்ளும்.

பேட்டரியை வெளியே எடுத்து ஒரு ராத்திரி முழுக்க சார்ஜ் போடுங்கள். சார்ஜரைக் கழற்றி சில மணி நேரம் விட்டு 12.6 வோல்ட் நின்றால் அது பிழைத்துவிட்டது. மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பிறகு ஒருமுறை மீட்டரை வைத்து, வந்த எண்ணை எனக்கு அனுப்புங்கள்.