கைப்பிடியைத் தொடாமல் ஒரு கதவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பொதுக் கழிப்பறைக் கதவைக் கைப்பிடி தொடாமல் திறப்பதைப் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதியிருந்தேன். இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். சுருக்கித் தந்திருக்கிறேன்.

பீளமேட்டில் சின்னதாகப் பல் கிளினிக் நடத்துகிறோம். கதவின் அடியில் மாட்டி, காலால் இழுத்துத் திறக்கும் கொக்கி ஆன்லைனில் வாங்கினோம். எவ்வளவு இழுத்தாலும் கதவு வரவில்லை. விற்றவர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். பொருள் கோளாறுதானே?
– கோவை வாசகர்

கொக்கியில் கோளாறு இல்லைங்க. நீங்கள் அனுப்பிய படத்தில் கதவுக்கு உருண்டைக் குமிழ்ப் பூட்டு இருக்கிறது. குமிழைத் திருகினால்தான் பூட்டின் நாக்கு உள்ளே போகும். திருகாமல் காலால் இழுத்தால் நாக்கு நிலையில் மாட்டிக்கொண்டு நிற்கும். கால் கொக்கி வேலை செய்ய, நாக்கில்லாமல் கதவு சும்மா சாத்தி நிற்க வேண்டும், திறந்த கதவைத் தானாக மூட டோர் குளோசர் இருக்க வேண்டும். அதுவும் உங்கள் பக்கமாக இழுத்துத் திறக்கும் கதவுக்கு மட்டும்தான். தள்ளித் திறக்கும் பக்கத்துக்குக் கொக்கியே தேவையில்லை, முழங்கை போதும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் கிளினிக்கில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தானே உள்ளே வருகிறார்கள்? வெறுங்காலோடு வருகிற பெரியவர் அந்தத் தகட்டில் விரலை வைத்து இழுத்தால் நகம் பெயர்ந்துவிடும். உங்களுக்கு ஏற்றது, நெஞ்சு உயரத்தில் மாட்டி முன்கையைக் கொடுத்து இழுக்கிற வளைந்த பிடி. உருண்டைக் குமிழை எடுத்துவிட்டு, அழுத்தித் திறக்கிற நீளக் கைப்பிடி மாட்டினால் முழங்கையாலேயே திறக்கலாம். உள்ளே கூடாக இருக்கும் ஃப்ளஷ் கதவுக்கு மர ஸ்குரு மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் பிய்ந்து வரும். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிற போல்ட்-நட் போடச் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் விஷயத்துக்கு, விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று பாருங்கள். ‘எல்லாக் கதவுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020இல் வந்த இ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன. பூட்டில்லாத கதவுக்கு என்று அங்கேயே எழுதியிருந்து நீங்கள் படிக்காமல் வாங்கியிருந்தால், விற்றவர் மேல் தப்பில்லை.

கடை வாசலில் கண்ணாடிக் கதவு. அதில் துளை போட்டுக் கால் கொக்கி மாட்டலாமா?
– பொள்ளாச்சி

கூடவே கூடாது. டஃபன்டு கண்ணாடியில் தேவையான துளைகளை எல்லாம் சூடேற்றி இறுக்குவதற்கு முன்பே போட்டுவிடுவார்கள். அப்புறம் டிரில் வைத்தால் முழுக் கதவும் பொடிப்பொடியாகக் கொட்டும்.

திருப்பூரில் பனியன் கம்பெனி. ஒரு தளத்தில் நூறு பேருக்கு மேல், பாதிக்கு மேல் பெண்கள். டீ பிரேக்கில் எல்லோரும் ஒரே நேரத்தில் பாத்ரூம் போகிறார்கள். ஆடிட்டுக்கு வந்தவர்கள் கைப்பிடிச் சுத்தத்தைப் பற்றிக் கேட்டார்கள். சென்சார் கதவுக்கு கொட்டேஷன் வாங்கிவிட்டோம். போடலாமா?
– திருப்பூர் வாசகர்

வேண்டாம். அந்தப் பணத்தில் சின்னப் பங்கில் ஆசாரியைக் கூப்பிட்டு, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி திருப்பி மாட்டுங்கள்.

இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லி ஓய்ந்திருக்கிறேன், ஆனாலும் மறுபடி சொல்கிறேன். நம் ஊரில் பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்ட், மில், ஆபீஸ் எதை எடுத்துக்கொண்டாலும் கழிப்பறையின் பொதுக்கதவு உள்பக்கம் திறப்பதாகவே வைக்கிறார்கள். உள்ளே போகும்போது தோளால் தள்ளிவிடலாம். வெளியே வரும்போதுதான் சங்கடம். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம்கூடக் காயாத கையால் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாக வேண்டும். நமக்கு முன்னால் கை கழுவாமல் போனவர் பிடித்ததும் அதே கைப்பிடிதான். காய்ந்த கையைவிட ஈரக் கையில் கிருமி அதிகமாக ஒட்டும். கழுவியதன் பலன் போவது அந்த ஒரே இடத்தில். கதவு வெளிப்பக்கம் திறந்தால் வெளியே வருகிறவர் முழங்கையால், இடுப்பால், தோளால் எப்படி வேண்டுமானாலும் தள்ளலாம். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், சர்வீஸ் ஆளுக்கு ஃபோன் போட வேண்டாம்.

கீலை மட்டும் மாற்றினால் போதாது. கதவு உட்காரும் காடியை நிலையின் உள்பக்கமாக வெட்டியிருப்பார்கள். நிலையைப் பெயர்த்துத் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் பழைய காடியை அடைத்து எதிர்ப்பக்கம் மரப்பட்டி அடிக்க வேண்டும். நல்ல ஆசாரிக்கு இது பெரிய வேலை இல்லை. ‘வராண்டாவில் நடக்கிறவர் மேல் கதவு இடிக்குமே’ என்று இன்ஜினியர் சொல்வார். நியாயமான பேச்சுதான். வழி குறுகலாக இருந்தால் கண் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பட்டி வைக்கச் சொல்லுங்கள், வருகிற ஆள் தெரியும்.

இடம் இருந்தால் இன்னும் நல்ல வழி, பொதுக்கதவையே எடுத்துவிடுவது. விமான நிலையங்களில் பார்த்திருப்பீர்கள், கழிப்பறை வாசலில் கதவே இருக்காது. வளைந்து போகும் சுவர் ஒன்று மறைத்திருக்கும். நீங்களும் ஒரு மறைப்புச் சுவர் எழுப்பலாம். பெண்கள் பகுதியில் கட்டுவதற்கு முன் ஒரு தட்டியை நிறுத்தி, வராண்டாவில் நின்று, உட்கார்ந்து, எல்லாக் கோணத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பது அங்கே வேலை செய்கிற பெண்களாக இருக்கட்டும். நேராகப் பார்த்தால் மறைந்திருக்கும் இடம், வாஷ்பேசின் கண்ணாடி வழியாகத் தெரிந்துவிடும். அந்தக் கண்ணாடியை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

உள்ளே இருக்கும் தனித்தனி அறைக் கதவுகளும் வெளிப்பக்கமே திறக்கட்டும். காலையில் சாப்பிடாமல் வேலைக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருவர் மயங்கி விழுந்தால், உள்ளே திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். வெளியே இருப்பவர் தள்ளித் தூக்க முடியாது.

இவ்வளவும் செய்துவிட்டு, சோப்பு டப்பா காலியாக இருந்தால் ஒரு பயனும் இல்லை. மிச்சமாகும் பணத்தில் காலால் மிதித்துத் திறக்கும் குழாய் போடுங்கள். சோப்பு தீர்ந்ததா என்று பார்க்க ஷிஃப்டுக்கு ஓர் ஆளை வையுங்கள்.

கொக்கிச் சாவி என்று ஒன்று விற்கிறார்களே, கதவு திறக்க, லிஃப்ட் பட்டன் அழுத்த? வாங்கலாமா?
– நாமக்கல்

தினமும் அதைச் சோப்புப் போட்டுக் கழுவுவீர்கள் என்றால் வாங்குங்கள். கழுவ மாட்டீர்கள் என்றால் கைப்பிடி அழுக்கை நீங்களே பாக்கெட்டில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள்.

மூன்று மாடி அபார்ட்மென்ட். கைப்பிடிகளில் ‘99.9 சதவீதம் கிருமி கொல்லும்’ ஸ்டிக்கர் ஒட்டலாம் என்கிறார் ஒருவர். பித்தளைக் கைப்பிடியே போடலாம் என்கிறார் இன்னொருவர். எது சரி?
– ஈரோடு

பித்தளைக்காரர் பேச்சில் விஷயம் இருக்கிறது. செம்பும் செம்பு அதிகமுள்ள உலோகங்களும் கிருமியைக் கொல்லும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2008இல் செம்புக் கலவைகளை அந்த வகையில் பதிவு செய்தது. கொரோனா வைரஸை வைத்து 2020இல் நடந்த ஆய்வில், செம்பின் மேல் 4 மணி நேரத்துக்குப் பிறகு உயிருள்ள வைரஸ் தென்படவில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பிளாஸ்டிக்கிலும் இரண்டு மூன்று நாள் வரை தென்பட்டது. ஆனால் அந்த 4 மணி நேரத்துக்குள் எத்தனை பேர் அதே கைப்பிடியைப் பிடிப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பித்தளை வைத்தாலும் கை கழுவத்தான் வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைப்பிடியால் கொரோனா வருவது குறைவு. தொட்ட பரப்பு ஒவ்வொன்றிலிருந்தும் தொற்று வர 10,000த்தில் ஒன்றைவிடக் குறைந்த வாய்ப்புதான் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையமே 2021இல் சொல்லிவிட்டது. கைப்பிடி விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பது வயிற்றுப்போக்கையும் மெட்ராஸ் ஐயையும் நினைத்துத்தான். அவை கை வழியாகவும் ஊர் சுற்றும்.

கடையில் பித்தளை என்று தருவதெல்லாம் பித்தளை இல்லை. காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்புக்கு முலாம். ஒட்டாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள், துத்தநாகக் கலவையும் ஒட்டாது. ஸ்குரு போகும் துளையின் உள்விளிம்பை ஆணியால் சுரண்டுங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. சாம்பல் நிறம் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள். மேலே வார்னிஷ் பூசிய பித்தளையும் பயனில்லை, கை படுவது வார்னிஷில்தான். ஸ்டிக்கரைப் பொறுத்தவரை, எந்தக் கிருமி, எத்தனை நேரத்தில், எந்த ஆய்வுக்கூடத்தில் சோதித்தது என்று எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால் காசு கொடுக்காதீர்கள்.

கோபியில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு சின்ன விடுதி நடத்தி அதில்தான் பிழைக்கிறேன். கை படாத கதவு போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். ஃபோனில் படம் காட்டினார். 35,000 ரூபாய் அட்வான்ஸ் ஜிபேயில் அனுப்பினேன். இப்போது ஃபோன் சுவிட்ச் ஆஃப். என் மகனே ‘உனக்கு எதற்கு இந்த வேலை’ என்று திட்டுகிறான்.
– கோபிசெட்டிபாளையம் வாசகி

அக்கா, முதலில் மகனிடம் சொல்லுங்கள்: தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு நோய் வரக் கூடாது என்று நினைத்ததில் என்ன தப்பு? தப்பு ஏமாற்றியவன் மேல். மனதை விடாதீர்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்து, பணம் போன யுபிஐ பரிவர்த்தனை எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். உங்கள் வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். அப்புறம் காவல் நிலையம். மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவில் 318ஆவது பிரிவு இருக்கிறது, பழைய 420க்குப் பதிலாக வந்தது. ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது கேளுங்கள். அவர் கொடுத்த விசிட்டிங் கார்டு, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். எஸ்டிமேட்டில் ஜிஎஸ்டி எண் இருந்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று வரும்.

ஆளின் முகவரி கிடைத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள், அது சாட்சி. தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தலாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துகிறவருக்கு 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தந்திருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழி கேட்க 1915க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண்.

அந்த ஆள் இந்தப் பக்கம் வேறு யாரிடமும் அட்வான்ஸ் வாங்கியிருந்தால் எனக்கு எழுதுங்கள். எல்லோரும் சேர்ந்து போனால் போலீஸில் பேச்சு எடுபடும்.

டோர் குளோசர் வாங்கினேன். ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் வாங்கவில்லை. எண்ணெய் ஒழுகுகிறது. கடைக்காரர் ‘என் கடையில் வாங்கியதே இல்லை’ என்கிறார்.
– அவிநாசி

தம்பி, மிக்ஸி விஷயத்திலும் நீங்கள் இதையேதான் எழுதினீர்கள். அப்போதும் பில் வாங்குங்கள் என்று இதே பக்கத்தில் சொன்னேன். கேட்ட பில்லைத் தர மறுப்பது 2019 சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பதும் அதே. இந்த உரிமை எல்லாம் பில்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. யுபிஐயில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவைக் கொண்டுபோய்க் காட்டிப் பாருங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் என்னால் உதவ வழியில்லை.

மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஆபீஸுக்கு நானே விலை மலிவு என்று ஒரு குளோசர் வாங்கினேன். மழைக்காலம் முடிவதற்குள் எண்ணெய் கக்கி, கதவு ஒவ்வொரு முறையும் அறைந்து மூடியது. ஒழுகிய குளோசரைப் பெரும்பாலும் சரி செய்து தர மாட்டார்கள், புதிதுதான். கதவின் அகலமும் எடையும் சொல்லி அளவு எண் கேட்டு வாங்குங்கள். சுமார் 60 கிலோ கதவுக்கு 3ஆம் எண் சரி. தேவைக்கு மேல் பலமானதை மாட்டினால் வயதானவர்களால் காலாலும் இழுக்க முடியாது, கையாலும் இழுக்க முடியாது.

கல்யாண மண்டபம். பந்தியிலிருந்து கை கழுவும் இடத்துக்கு ஒரு கதவு. எச்சில் கையோடு கூட்டமாக வருகிறார்கள். கால் கொக்கி மாட்டலாம் என்றால் என் மாமியார், ‘மண்டபத்துக் கதவைக் காலால் திறப்பதா’ என்கிறார்.
– பல்லடம் வாசகி

அம்மணி, மாமியார் சொல்வதை ஒதுக்காதீர்கள். பட்டுச் சேலையும் வேட்டியும் கட்டிவரும் கூட்டத்தில் கால் கொக்கி தடுக்கவும் செய்யும். இரண்டு பக்கமும் ஆடுகிற ஸ்பிரிங் கதவு போடுங்கள். மேலே எதிரில் வருபவர் தெரியக் கண்ணாடி, நடுவில் முழங்கை படும் உயரத்தில் துடைக்கச் சுலபமான ஸ்டீல் தகடு. கீல் பக்க இடுக்கில் குழந்தைகள் விரல் சிக்காமல் ரப்பர் பட்டி கட்டாயம். பந்தி நேரத்தில் கதவைத் திறந்தே நிறுத்தி வைக்க முடியும் என்றால் அதைவிட நல்லது.

பேங்க் மாதிரித் தானாகத் திறக்கும் சென்சார் கதவு எங்கள் ஷோரூமுக்கு. கரண்ட் போனால் என்ன ஆகும்?
– கரூர்

இந்தக் கேள்வியை வாங்கும் முன் கேட்டீர்களே, சந்தோஷம். சென்சார் பொருளை இந்தக் கேள்வி கேட்காமல் வாங்கி நான் பட்டிருக்கிறேன். வீட்டில் ஒரு சென்சார் சோப்பு டப்பா, பேட்டரி கசிந்து துருவேறிக் கிடக்கிறது.

நல்ல சென்சார் கதவில் பேட்டரி இருக்கும். கரண்ட் போனதும் ஒரு முறை திறந்து அப்படியே நிற்கும். மலிவான வகை பாதியில் நிற்கும். தீ, புகை என்றால் வெளியே போகிற கதவு உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதி. மெயினை அணைத்துவிட்டு, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கையால் தள்ளித் திறக்கிறாரா என்று மாட்டிய அன்றே சோதியுங்கள். மூடும்போது குறுக்கே குழந்தை வந்தால் நிறுத்துகிற இன்ஃப்ராரெட் கதிர் முழங்கால் உயரத்திலும் இருக்க வேண்டும். ஷோரூமுக்கு வாங்குவதால் பின்னால் நுகர்வோர் ஆணையம் உங்களுக்குக் கை கொடுக்காமல் போகலாம். அதனால் பேட்டரி, கையால் திறப்பது, கதிர் ஆகிய இந்த மூன்றையும், சர்வீஸுக்கு எத்தனை மணி நேரத்தில் ஆள் வரும் என்பதையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர யோசிக்கிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.