இசைத்தட்டு கேள்வி–பதில்: குவாய் நதி மார்ச்சும் மலை ஈரமும்

கேள்வி: எஸ்டேட் பங்களா சாமான்களை விற்றபோது ‘குவாய் நதி மார்ச்’ இசைத்தட்டு ஒன்று கிடைத்தது. ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படத்தின் அசல் பதிவுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகர், குன்னூர்

பதில்: லேபிளில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆர்னால்ட் என்றிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது மெட்டுப் போட்டவர் பெயர். யார் வாசித்தாலும் அச்சாகும். வாசித்தவர் பெயரைத் தேடுங்கள். மிட்ச் மில்லர் என்றிருந்தால், படம் ஓடிய சூட்டில் அந்த அமெரிக்கர் தம் குழுவோடு தனியாகப் பதிந்து விற்ற தட்டு அது. 1957-ல் படத்துக்கு இசையமைத்த மால்கம் ஆர்னால்டே ஆர்கெஸ்ட்ராவை நடத்தியதாக இருந்தால்தான் அசல்.

விசில் மெட்டு ஆர்னால்டுடையது அல்ல. 1914-ல் கென்னத் ஆல்ஃபோர்ட் எழுதிய ‘கர்னல் போகி’. படத்தில் போர்க் கைதிகள் அதை விசிலடித்தபடி முகாமுக்குள் வருவார்கள் (படம் பிடித்தது இலங்கையில், கித்துல்கல பக்கம்). அதன்மேல் அச்சாகப் பொருந்தும்படி ஆர்னால்ட் தம் மார்ச்சை எழுதி இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டார். ஒருமுறை விசிலை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். மறுமுறை டிரம்பெட்டுகளை மட்டும். லண்டன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவில் முதன்மை டிரம்பெட் வாசித்த ஆர்னால்டின் கை அங்கே நன்றாகத் தெரியும். இந்த இசைக்குத்தான் அவருக்கு ஆஸ்கர்.

கேள்வி: மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் தட்டுகளில் வெள்ளைப் பூஞ்சணம். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? – வாசகி, கோத்தகிரி

பதில்: நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளில் ஸ்பிரிட் படவே கூடாது. அவை அரக்கில் செய்தவை. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், ஊசி ஓடும் பள்ளம் அழிந்துவிடும். வினைலில் செய்த எல்.பி. தட்டுகளுக்கும் அது தேவையில்லை.

முதலில் வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் உலர்ந்த தூளைத் தட்டுங்கள். 200 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு. மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளம் ஓடும் வட்டத்திலேயே துடைக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அழுக்கு உள்ளே போய் அடைந்துகொள்ளும். லேபிளில் ஈரம் படக்கூடாது. வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொருமுறை துடைத்து, நிழலில் நிறுத்தி வைத்து உலர்த்துங்கள். குளிருக்குக் கணப்புப் பக்கம் வைத்தால் எல்.பி. வளைந்துவிடும்.

பழைய உள்ளுறையைத் தூக்கிப் போடுங்கள். பூஞ்சணத்துக்குத் தீனி அந்தக் காகிதமும் விரல் எண்ணெயும்தான்; அதிலேயே திரும்பப் போட்டால் அடுத்த மழையில் மறுபடி வரும். உங்கள் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் மழை வலுக்கும். அதற்குள் அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். தட்டுகளை அடுக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல் வைத்திருந்தால், இளஞ்சிவப்பானதும் சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்கலாம்.

கேள்வி: சினிமாவுக்கு வெளியே ஆர்னால்டை எதில் தொடங்கிக் கேட்பது? – வாசகர், கொடைக்கானல்

பதில்: ‘இங்கிலீஷ் டான்ஸஸ்’ சுலபமான வாசல். ஆனால் அவர் யாரென்று தெரிய ஐந்தாவது சிம்ஃபனியைக் கேட்க வேண்டும். 1961-ல் வந்தது; இளவயதில் இறந்த நண்பர்களை நினைத்து எழுதியது. இரண்டாம் பகுதியில் வரும் மெட்டு சினிமாப் பாட்டைப் போலவே இனிக்கும். கடைசிப் பகுதியில் அதே மெட்டு முழு ஆர்கெஸ்ட்ராவோடு எழுந்து, சட்டென்று சரிந்து போகும். பிறர் நடத்தியவையும் உண்டு. பர்மிங்ஹாம் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து அவரே நடத்தியதையே முதலில் வாங்குங்கள்.