மாபினோகியனில் தாலியெசின் கதை காணோமே?

இணையத்தில் படித்த தாலியெசின் கதை உங்கள் மாபினோகியன் பிரதியில் இல்லையே, பக்கம் விடுபட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். பக்கம் எதுவும் விடுபடவில்லை. மாபினோகியன் இடைக்கால வேல்சுக் கதைகளின் தொகுப்பு. பழங்கவிஞர் தாலியெசின் பிறந்த கதை அதன் மூல ஏடுகளிலேயே கிடையாது.

நீங்கள் இணையத்தில் படித்தது பெரும்பாலும் சார்லட் கெஸ்ட் சீமாட்டியின் மொழிபெயர்ப்பாக இருக்கும். 1838 முதல் 1849 வரை வெளியிட்ட அந்தத் தொகுப்பில் அவர் இந்தக் கதையையும் சேர்த்துக்கொண்டார். 14ஆம் நூற்றாண்டின் ரிதெர்க் வெள்ளை ஏட்டிலும், 1400ஐ ஒட்டி எழுதப்பட்ட ஹெர்கெஸ்ட் செவ்வேட்டிலும், அதாவது அந்த மூல ஏடுகளில், அது இல்லை. அதனால் பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளர்கள் பலர் விட்டுவிட்டார்கள்.

பொருளடக்கத்தை எண்ணிப் பாருங்கள். 11 கதைகள் இருந்தால் நூல் முழுமையானதுதான். கெஸ்ட் பதிப்பில் 12 இருக்கும்.

ஆனால் பிற்சேர்க்கைதானே என்று அந்தக் கதையை ஒதுக்கிவிடாதீர்கள். அதன் முழு வடிவத்தை 16ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரான்சின் கலே நகரில் பணியாற்றிய எலிஸ் கிரிஃபித் என்ற வேல்சுப் படைவீரர் தன் வரலாற்று நூலில் எழுதி வைத்தார். கதையில் வரும் சூனியக்காரி கெரிட்வெனின் மந்திரக் கொப்பரை பற்றிய குறிப்புகளோ அதற்கும் முந்தைய வேல்சுப் பாடல்களிலேயே வருகின்றன. ஏடு பிந்தியது என்பதால் கதையும் பிந்தியது ஆகிவிடாது. அவர் எழுதி வைத்திராவிட்டால் எவ்வளவு பெரிய இழப்பு! அவசியம் தேடிப் படியுங்கள்.

அப்புறம், ‘தாலியெசின் ஏடு’ என்பது வேறு. அது பாடல் தொகுப்பு. அதில் இந்தக் கதையைத் தேடாதீர்கள்.