புழு டப்பாவைத் திறக்கக் கை வரவில்லை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 51. கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். வீடு நங்கநல்லூரில் உள்ளது. படித்துவிட்டுச் சிரித்துவிட மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன்.

என் ஒரே மகள் திருச்சியில் கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது, தான் வளர்த்துவந்த 'பியர்டட் டிராகன்' குட்டியை என் பொறுப்பில் விட்டுச் சென்றாள். அது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஓணான் வகை. வயது ஐந்து மாதம். அதனிடம் எனக்குப் பயம் எதுவும் இல்லை. மாலையில் என் தோள் மீது அமர்ந்துகொண்டு அது செய்தி பார்க்கும். அதன் உணவுதான் எனக்குப் பிரச்சினை. தினமும் அதற்கு உயிருள்ள சில்வண்டுகளும், இடையிடையே மீல்வார்ம் எனப்படும் புழுக்களும் தர வேண்டும். மகள் இருந்தவரை அந்த டப்பாக்கள் இருந்த பக்கமே நான் போனதில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் வாங்கி வந்த சில்வண்டு டப்பாவின் மூடியைத் திறந்தேன். ஒன்று என் சட்டைக் கைக்குள் புகுந்தது. நான் உதறிய உதறலில் டப்பா விழுந்து, ஏறத்தாழ நாற்பது பூச்சிகள் கூடம் முழுவதும் சிதறின. அன்றிலிருந்து டப்பாவைக் கையில் எடுத்தாலே உடம்பு கூசுகிறது, வயிற்றைப் புரட்டுகிறது. பாதி திறந்து மூடிவிடுகிறேன். கடந்த எட்டு நாட்களாக அதற்குக் கீரையும் பூசணித் துண்டும் மட்டுமே வைத்திருக்கிறேன். மகள் தொலைபேசியில் கேட்கும்போது, "எல்லாம் சாப்பிட்டது" என்று பொய் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் சைவக் குடும்பம். எறும்பு தின்னட்டும் என்று பச்சரிசி மாவில் மட்டுமே கோலம் போட்டவர் என் தாயார். அவருடைய மகன் தினமும் இருபது உயிர்களை இன்னொரு உயிருக்கு இரையாகப் போடுவதா என்ற எண்ணம் இரவில் உறங்கவிடுவதில்லை. மனைவியோ, வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்கிறார். தப்பிய சில்வண்டுகளில் ஒன்று ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது. கரப்பான் மருந்து அடிக்கலாமா என்று அவர் கேட்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

அன்புள்ள வாசகருக்கு,

சிரிக்கவில்லை, செய்தி பார்க்கும் ஓணானைத் தவிர. உங்கள் மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதன் வயிற்றைப் பற்றிப் பேசிவிட வேண்டும். வளரும் பருவத்தில் இந்த விலங்கின் உணவில் பெரும்பங்கு பூச்சிகளாகவே இருக்க வேண்டும். எட்டு நாட்கள் கீரையிலேயே அதை ஓட்டியது சரியல்ல, அதிலும் பசலை வகைக் கீரைகள் உடலில் கால்சியம் சேர்வதைத் தடுக்கக்கூடியவை. எனவே இன்றே, உங்களுக்குப் பூச்சி வளர்ப்பில் பழகிய ஒருவரை, மீன் வளர்க்கும் நண்பர் யாரேனும் இருந்தால் அவரை, இரண்டு வாரத்துக்கு மட்டும் உதவிக்கு அழையுங்கள். குட்டி சோர்ந்து கிடந்தாலோ கால்கள் நடுங்கினாலோ காத்திருக்க வேண்டாம். வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் யார் என்று விசாரித்துக் கொண்டுசெல்லுங்கள்.

இனி உங்களைப் பற்றி. "எனக்குப் பூச்சி ஆகாது" என்று ஒரே முடிச்சாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதில் மூன்று இழைகள் பின்னியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. சட்டைக் கைக்குள் புகுந்ததே, அந்தத் திடீர் அசைவின் மீது உள்ள பயம் ஒன்று. வயிற்றைப் புரட்டும் அருவருப்பு வேறு. இரவில் உறங்கவிடாத பாவ உணர்வு இவை இரண்டோடும் சேராத தனிச் சரக்கு. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

அருவருப்பு அறிவுக்குக் கட்டுப்படாது என்பதைக் காட்ட, பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைச் சொல்வதுண்டு. கிருமி நீக்கம் செய்யப்பட்ட ஒரு செத்த கரப்பானைப் பழச்சாற்றில் முக்கி எடுத்தார்கள். அதனால் எந்தத் தீங்கும் இல்லை என்று தெரிந்தும் அந்தச் சாற்றைக் குடிக்க மக்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே, "இது சுத்தமான பூச்சி, பண்ணையில் வளர்ந்தது" என்று உங்களுக்கு நீங்களே எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் வயிறு கேட்கப்போவதில்லை. வயிற்றுக்குப் பழக்கம் ஒன்றுதான் புரியும். அதிலும் பயம் இறங்கும் வேகத்தில் அருவருப்பு இறங்குவதில்லை என்பதால், முதல் வாரத்திலேயே மாற்றம் தெரியவில்லை என்று மனம் தளர வேண்டாம்.

நீங்கள் அறியாமல் செய்துவரும் ஒரு தவறு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "பாதி திறந்து மூடிவிடுகிறேன்." கூச்சம் உச்சத்தில் இருக்கும்போது மூடியை மூடினால், அடுத்த நொடி கிடைக்கும் நிம்மதியை மனம் குறித்துவைத்துக்கொள்கிறது; மூடியதால்தான் தப்பித்தோம் என்று கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை டப்பா இன்னும் கனக்கும். மூன்று வாரங்களாக, தினமும் இந்தப் பாடத்தை உங்களுக்கு நீங்களே நடத்தியிருக்கிறீர்கள்.

இதைத் திருப்பிப் போட வேண்டும், அதையும் தாண்டக்கூடிய உயரத்திலிருந்து தொடங்க வேண்டும். சில்வண்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மீல்வார்ம் குதிக்காது, வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏறவும் அதனால் முடியாது. உங்கள் பயம் திடீர் அசைவின் மீது என்பதால், அது உங்களுக்கு ஏற்ற முதல் ஆசிரியர். கொளத்தூர் மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பக்கங்கள் தெளிவாகத் தெரியும் டப்பாவில் கோதுமைத் தவிட்டோடு வாங்கி, ஒரு கேரட் துண்டு போட்டு, மூடியபடியே மேசை மீது வைத்து அதன் எதிரில் அமருங்கள். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், ஆகவே ஒரு பேரேடு போடுங்கள்: சங்கடம் 0 முதல் 100 வரையில் எவ்வளவு என்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணாக எழுத வேண்டும். 70-இல் தொடங்கினால் 35-க்கு இறங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. இறங்கிய பிறகே அன்றைய கணக்கை முடிக்க வேண்டும். அடுத்து மூடியைத் திறந்து வைத்து அதே போல. அடுத்து நீளமான இடுக்கியால் ஒரு புழுவை எடுத்து மறுபடி தவிட்டில் போடுவது. பிறகு கையுறை. ஒரு நாள், நீங்கள் விரும்பினால் மட்டும், வெறும் கை. அப்போது உங்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது: நாம் எல்லோரும் புழு என்றால் ஈரமாக, வழுவழுப்பாக இருக்கும் என்று நினைக்கிறோம்; இதுவோ உள்ளங்கையில் நெல் உமியைக் கொட்டியது போல் உலர்ந்து, லேசாகச் சுரண்டும். தவிட்டுத் தூசியால் தும்மலோ கண் அரிப்போ வந்தால் முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள். அது ஒவ்வாமையாக இருக்கலாம், அதை மன உறுதியால் வெல்லத் தேவையில்லை.

வெறும் கையால் தொட்டால்தான் வெற்றி என்று வாதிடுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. இந்த விலங்கை வருடக்கணக்கில் வளர்ப்பவர்களிலும் பலர் சில்வண்டைத் தொடுவதே கிடையாது. டப்பாவுக்குள் முட்டை அட்டையும், காகிதச் சுருளின் நடுவில் இருக்குமே, அந்த அட்டைக் குழாயும் போட்டுவைத்தால், பூச்சிகள் இருட்டைத் தேடிக் குழாய்க்குள் போய் அடையும். இரு முனையையும் பொத்தி எடுத்து, கால்சியம் பொடி உள்ள ஒரு பையில் தட்டிக் குலுக்கி, அப்படியே தொட்டிக்குள் கவிழ்த்துவிடலாம். ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். மிஞ்சியவற்றை இரவில் தொட்டியில் விட்டுவைத்தால் அவை உறங்கும் ஓணானைக் கடிக்கும் என்பதால் எடுத்துவிட வேண்டும். டப்பாவின் நாற்றம் பெரும்பாலும் செத்த பூச்சிகளாலும் ஈரத்தாலும் வருவது. அவ்வப்போது அவற்றை அகற்றினால் உங்கள் வயிற்றின் புரட்டல் பாதி குறையும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்; ஊர்வனவற்றிடமிருந்து சால்மொனெல்லா கிருமி பரவக்கூடும்.

பாவ உணர்வுக்கு இந்தப் பேரேடு உதவாது, உதவவும் கூடாது. அது நோய் அல்ல. உங்கள் தாயார் கோல மாவில் உங்களுக்கு விட்டுச் சென்ற சொத்து. அதை மரத்துப்போகச் செய்வது என் வேலை இல்லை. ஆனால் ஒன்றை நேராகப் பார்க்க வேண்டும். வளர்ந்த பின் இந்த ஓணானுக்குக் கீரையும் காயுமே முக்கிய உணவாகிவிடும், பூச்சி வாரத்தில் சில நாட்களுக்குப் போதும். என்றாலும் அது ஒருபோதும் முழுச் சைவம் ஆகாது. இதை ஏற்க முடியாது என்று நீங்கள் தீர்மானித்தால், வேறு பொறுப்பான வீடு தேடுவது கௌரவமான முடிவே. ஏற்க முடிந்தால், உங்கள் அறத்தை அந்த டப்பாவுக்குள்ளும் கொண்டுபோகலாம். அந்தப் பூச்சிகளுக்கும் பசி, தாகம், நெரிசல் உண்டு. அவற்றுக்குக் கேரட்டும் தவிடும் காற்றும் குறைவில்லாமல் கொடுப்பது உங்களால் முடியும். நன்றாகத் தின்ற பூச்சிதான் ஓணானுக்கும் சத்து.

எந்த முடிவானாலும் அதை மகளோடு சேர்ந்து எடுங்கள். "எல்லாம் சாப்பிட்டது" என்ற பொய்யை இந்த வாரமே திரும்பப் பெறுங்கள். முதல் முறை டப்பாவைத் திறந்தபோது அவளுக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். மூடியைத் திறந்து வைக்கும் நாளில் வீடியோ அழைப்பில் அவள் சும்மா உடன் இருக்கட்டும், அறிவுரை வேண்டாம். மனைவியை இதற்குள் இழுக்காதீர்கள். பழமொழி அவர் பக்கம் இருக்கிறது.

ஒரு மாதம் முயன்றும் எண் இறங்கவில்லை என்றாலோ, நெஞ்சு படபடத்து அந்த அறைக்குள் நுழையவே முடியவில்லை என்றாலோ நேரில் சிகிச்சை பெறலாம். குறிப்பிட்ட ஒன்றின் மீதான பயத்துக்கு, அதிகபட்சம் மூன்று மணி நேரத்தில், ஒரே அமர்வில் முடியும் சிகிச்சைமுறை ஒன்றை ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ்-யோரன் ஓஸ்ட் உருவாக்கியிருக்கிறார். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவையும் அணுகலாம்; அந்தப் பெயரைச் சொன்னாலே சிரிக்கும் நம் ஊர்ப் பழக்கத்தைப் பொருட்படுத்தாதீர்கள்.

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கத்துவது வளர்ந்த ஆண் சில்வண்டு. அதன் ஆயுளே சில வாரங்கள்தான். மருந்து அடிக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லுங்கள்; மருந்து பட்ட பூச்சி ஊர்ந்து வந்து, கூடத்தில் உலவும் ஓணானின் வாயில் சிக்கினால் ஆபத்து. இரவில் அந்த அட்டைக் குழாயில் ஒரு கேரட் துண்டு வைத்து ஃபிரிட்ஜ் ஓரத்தில் விட்டுப் பாருங்கள். காலையில் உள்ளே இருந்தால், இரு முனையையும் பொத்தி வெளியே தோட்டத்துச் செடியடியில் விட்டுவிடலாம்.